நடைமேடைக்கு 386 அடி: வாஷிங்டன் சுரங்க ரயில் புகை விபத்து, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 ஜனவரி 12, திங்கட்கிழமை. பிற்பகல் மூன்றேகால் மணிக்கு வாஷிங்டன் நகரின் லான்ஃபான்ட் பிளாசா நிலையத்திலிருந்து தெற்கே கிளம்பிய மஞ்சள் தட ரயில் ஒன்று, சுரங்கத்துக்குள் புகை மண்டலத்தில் சிக்கி நின்றது. உள்ளே சுமார் 380 பேர். வண்டியின் கடைசிப் பெட்டிக்கும் நடைமேடை முனைக்கும் இடைவெளி 386 அடிதான். நடந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த வண்டியில் இருந்த 61 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். பயணிகள், மீட்புப் பணியாளர்கள், ரயில் ஊழியர்கள் என 91 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

பொருள் சேதம் என்று பார்த்தால் ரயில் நிர்வாகம் போட்ட கணக்கு ஏறக்குறைய 1,20,000 டாலர்தான். வண்டி தடம் புரளவில்லை, மோதவில்லை, வண்டிக்குத் தீயும் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன். ரயிலை ஓட்டிய நிறுவனம், அவசர அழைப்பை எடுத்த அலுவலகம், தீயணைப்புத் துறை, இவர்களைக் கண்காணிக்க வேண்டிய அமைப்பு என நான்கு தரப்பும் ஒவ்வொரு துண்டு நேரத்தைக் கையில் வைத்திருந்தன. யார் எவ்வளவு நேரத்தைத் தொலைத்தார்கள், அதை யார் கேட்டார்கள், கேட்டதற்கு என்ன பலன் என்பதே இந்த ஆய்வு.

பின்னணி

வாஷிங்டன் மெட்ரோ ஒரு விசித்திரமான நிர்வாகம். கொலம்பியா மாவட்டம் (வாஷிங்டன் நகரம்தான் அது), மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய மூன்று அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 1967ல் பிறந்தது. முதல் ரயில் 1976ல் ஓடியது. மூன்று அரசுகளுக்கும் சொந்தம் என்பதால், தனியாகக் காதைப் பிடித்துத் திருக யாருமில்லை.

பாதுகாப்பைக் கண்காணிக்க மூன்று அரசுகளும் சேர்ந்து ஒரு முத்தரப்பு மேற்பார்வைக் குழுவை வைத்திருந்தன. ஆய்வு செய்யலாம், அறிக்கை எழுதலாம், கடிதம் அனுப்பலாம். அபராதம் போட முடியாது, வண்டியை நிறுத்தச் சொல்லவும் முடியாது. 2009 ஜூன் 22 அன்று ஃபோர்ட் டாட்டன் அருகே இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தபோதே இந்தக் குழுவின் பலவீனம் வெளிப்பட்டுவிட்டது. அதன் பிறகு 2012ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மத்தியப் பொதுப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு நகர ரயில்களின் பாதுகாப்பில் தலையிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதுவரை இப்படிப்பட்ட ரயில்களுக்குப் பாதுகாப்பு விதி வகுக்கும் அதிகாரமே மத்திய அரசிடம் இல்லை. அதிகாரம் வந்தது, நடைமுறைக்கு வரத்தான் ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில்தான் 2015 நடந்தது.

அன்று பிற்பகல்

ரயிலுக்கு மின்சாரம் தருவது தடத்தின் ஓரமாக ஓடும் மூன்றாம் தண்டவாளம். 750 வோல்ட் நேர்மின்சாரம். அதற்கு மின்சாரம் கொண்டுவரும் தடித்த மின்வடங்களின் இணைப்புகளில் ஈரமும் அழுக்கும் புகாதபடி உறை போட்டு அடைத்திருக்க வேண்டும். அந்தச் சுரங்கத்தில் தண்ணீர் கசிவு இருந்தது. இணைப்புகள் பலவற்றில் உறை இல்லை என்று பிறகு தெரிந்தது. ஈரம் ஏறிய இணைப்பில் மின்கசிவு தொடங்கிப் பொறி பறந்தது, மின்வடத்தின் உறை எரிந்து புகைந்தது. நின்ற ரயிலுக்கு ஏறக்குறைய 1,100 அடி முன்னால் இது நடந்துகொண்டிருந்தது.

3:06 மணிக்கு அந்த மின்பகுதியின் ஒரு முனையில் இருந்த மின்தடுப்பி தானாகவே மின்சாரத்தைத் துண்டித்தது. சரி, மின்சாரம் நின்றிருக்குமே என்று தோன்றும். நிற்கவில்லை. மறுமுனையிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருந்தது. ரயில் இழுக்கும் மின்னோட்டத்தையும் இப்படிப் பொறி பறக்கும் மின்னோட்டத்தையும் பிரித்தறிவது மின்தடுப்பிக்கு எளிதல்ல.

3:15க்கு ரயில் நின்றது. ஓட்டுநர் கட்டுப்பாட்டு அறையை அழைத்து, கடும் புகையால் நின்றுவிட்டதாகச் சொன்னார். பின்னோக்கி நிலையத்துக்கே திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம். பயணிகளுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது: உள்ளேயே இருங்கள், நிலையத்துக்குத் திரும்பப் போகிறோம். 3:25 வாக்கில் பின்னால் வந்த அடுத்த ரயில் அதே நடைமேடையில் வந்து நின்றது, அதன் தென்முனைக்கு 100 அடி முன்பாக. அத்தோடு திரும்பும் வழி அடைபட்டது.

உள்ளே இருந்தவர்கள் தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்தார்கள். துணியால் மூக்கை மூடிக்கொண்டார்கள். சிலர் தாங்களாகவே கதவைத் திறந்து சுரங்கத்துக்குள் இறங்கி நடந்தார்கள். மயங்கி விழுந்த பெண்ணுக்குச் சக பயணிகளே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார்கள். 3:40ஐத் தாண்டிய பிறகே மூன்றாம் தண்டவாளத்தின் மின்சாரம் முழுதாக நீக்கப்பட்டது.

எடுத்த முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும்

முதல் முடிவு கட்டுப்பாட்டு அறையில். புகை என்று தகவல் வந்தால் அந்தப் பகுதியில் எல்லா ரயில்களையும் நிறுத்த வேண்டும் என்பது மெட்ரோவின் சொந்த விதி. நடைமுறையோ வேறு. புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, பயணிகளோடு ஓடும் ரயிலின் ஓட்டுநரையே "போகும்போது பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கமாக இருந்தது. சுரங்கங்களில் புகைத் தகவல் அடிக்கடி வரும், பெரும்பாலும் சிறியதாகவே முடியும், ஒவ்வொரு முறையும் நிறுத்தினால் நகரமே நின்றுவிடும். இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதன் பொருள், சோதனைக்கு அனுப்பப்படுவது பயணிகள்தான் என்பது. முதல் தகவலிலேயே ரயில்களை நிறுத்தியிருந்தால் இந்த வண்டி சுரங்கத்துக்குள் சிக்கியிருக்காது என்று விசாரணை பின்னர் சொன்னது.

இரண்டாவது, காற்றாடிகள். புகையை வெளியேற்றச் சுரங்கத்தின் காற்றுப் போக்கிகளும் நிலையத்தின் காற்றுப் போக்கிகளும் இயக்கப்பட்டன. இரண்டும் உறிஞ்சும் திசையிலேயே ஓடின. ஒன்று தள்ளி ஒன்று இழுத்தால்தான் புகை ஒரு பக்கமாக நகரும். இங்கே நிலையப் பக்கக் காற்றாடிகள் புகையை ரயில் இருந்த பக்கமாகவே இழுத்தன. எங்கே எரிகிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்திருந்தால் வேறு பொத்தானை அழுத்தியிருப்பார்கள். தெரிந்துகொள்ளும் கருவி அவர்களிடம் இல்லை.

மூன்றாவது, அவசர அழைப்பு. மாநகர நிர்வாகம் விபத்து நடந்த அதே வாரத்தில் வெளியிட்ட காலவரிசை இது. 3:18க்குச் சாலையோரக் காற்றுப் போக்கி வழியே புகை வருவதாக முதல் அழைப்பு. 3:22க்கு மெட்ரோவே அழைத்து, நிலையத்தில் புகை என்கிறது. 3:28க்கு நிலையத்துக்கான தீயணைப்புக் குழுக்கள் அனுப்பப்படுகின்றன. 3:31க்கு முதல் வண்டி வந்து சேர்கிறது. 3:33க்கு, சிக்கிய ரயிலுக்குள்ளிருந்து பயணி ஒருவரின் அழைப்பு.

3:22க்கும் 3:28க்கும் நடுவே ஆறு நிமிடம். தீயணைப்பு அழைப்பைப் பெற்றுக் குழுவை அனுப்புவதற்கான தொழில் தரம் ஒரு நிமிடத்தை ஒட்டியது. வண்டி வந்து சேர எடுத்த நேரம் வெறும் மூன்று நிமிடம். நகரத்தின் போக்குவரத்து நெரிசலைக் கடந்து வந்த வண்டி, மேசையிலிருந்து கிளம்பிய உத்தரவைவிட வேகமாக இருந்திருக்கிறது. முழு ஆவணத்திலும் எனக்கு மிகவும் உறுத்தலான இடம் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. வெளியில் புகை என்ற அழைப்பும், நிலையத்தில் புகை என்ற அழைப்பும், ரயிலுக்குள் ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள் என்ற அழைப்பும் தனித்தனி நிகழ்வுகளாகவே வந்து விழுந்தன. மூன்றும் ஒன்றே என்று சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். நிலையத்தில் புகை என்று கேட்டு வந்த குழு, ரயிலுக்குள் நூற்றுக்கணக்கானோர் இருப்பதை மனதில் வைத்துப் படியிறங்கவில்லை.

நான்காவது, தீயணைப்பு வீரர்கள். மின்சாரம் நின்றது என்று உறுதியாகத் தெரியாமல் தடத்தில் இறங்கக் கூடாது. சரியான விதிதான், 750 வோல்ட் ஆளைப் பார்த்துப் பாயாது. ஆனால் அந்த உறுதியைக் கேட்டுப் பெறுவதற்கான வானொலித் தொடர்பு சுரங்கத்துக்குள் வேலை செய்யவில்லை. கைபேசியிலும், ஆளை மேலும் கீழும் அனுப்பியும் செய்தி பரிமாறிக்கொண்டார்கள். இதில் வேதனை என்னவென்றால், அந்த நிலையத்தில் வானொலி சரியாக இல்லை என்று தீயணைப்புத் துறை சோதித்துப் பார்த்து மெட்ரோவுக்குத் தெரிவித்தது விபத்துக்கு நான்கு நாள் முன்பு. தகவல் போனது. தகவல் போனதோடு இரண்டு தரப்பின் வேலையும் முடிந்துவிட்டதாக இருந்தது.

விசாரணை

விபத்துகளை விசாரிக்கும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இறுதி அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை. 2015 பிப்ரவரியில் சுரங்கக் காற்றோட்டம் பற்றியும், ஜூனில் மின்வட இணைப்புகளின் உறை பற்றியும் அவசரப் பரிந்துரைகளை அனுப்பியது. இறுதி அறிக்கை 2016 மே 3 அன்று ஏற்கப்பட்டது.

அறிக்கை காரணத்தை அடுக்கிய விதத்தைக் கவனிக்க வேண்டும். நேரடிக் காரணம் நீண்ட நேரம் நீடித்த மின்கசிவு. அது நேர்ந்தது மெட்ரோவின் பயனற்ற ஆய்வு, பராமரிப்பு முறைகளால். அந்த முறைகள் தொடர்ந்தது, முன்கூட்டியே தெரியக்கூடிய ஆபத்துகளை மூத்த நிர்வாகம் மதிப்பிடத் தவறியதாலும், முத்தரப்புக் குழுவும் மத்தியப் பொதுப் போக்குவரத்து நிர்வாகமும் போதுமான மேற்பார்வை செய்யாததாலும். மெட்ரோ தன் சொந்த நடைமுறையைப் பின்பற்றாததும், சுரங்கத்துக்குள் பெருந்திரளானோர் பாதிக்கப்படும் நிகழ்வுக்குத் தீயணைப்புத் துறை தயாராக இல்லாததும் துணைக் காரணங்கள். அவசர அழைப்பைக் கையாளும் நேரத்தைத் தணிக்கை செய்து சீர்படுத்துமாறு மாநகரத்துக்கும் பரிந்துரை போனது.

கட்டுப்பாட்டு அறையில் அன்று உட்கார்ந்திருந்தவர் மீதோ, ஓட்டுநர் மீதோ பழியைக் கொட்டிவிட்டு அறிக்கை நின்றுவிடவில்லை. கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போய், கண்காணிக்க வேண்டிய மத்திய நிர்வாகத்தின் வாசல்வரை போனது.

ஆனால் இந்த வாரியத்தால் யாரையும் எதையும் செய்ய வைக்க முடியாது. பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

நீதிமன்ற வழி எவ்வளவு தூரம் போகும்

விபத்து என்றால் வழக்குப் போடலாமே என்று எல்லோரும் நினைப்போம். வழக்குகள் போடப்பட்டன. ஆனால் அந்தப் பாதையில் இருக்கும் வேலிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேசிய வாரியத்தின் அறிக்கையை இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக வைக்க அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. விசாரணையில் ஊழியர்கள் அச்சமில்லாமல் பேச வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. விளைவு, தவறை மிகத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் நீதிமன்றத்துக்கு வெளியே நிற்கிறது. மெட்ரோவை உருவாக்கிய ஒப்பந்தமோ, அரசுப் பணி சார்ந்த செயல்களுக்கு அதற்கு விலக்கு தருகிறது. எது அரசுப் பணி, எது வணிகப் பணி என்பதே தனி வழக்காக நீளும்.

அவசர அழைப்பு அலுவலகத்தின் கதை இன்னும் கடினம். 1981ல் கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், காவல்துறையின் கடமை பொதுமக்கள் அனைவருக்குமானது, குறிப்பிட்ட தனிநபருக்கானது அல்ல என்று தீர்ப்பளித்தது. உதவி கேட்டு அழைத்தும் உதவி வந்து சேராத வழக்கு அது. மற்ற அவசர சேவைகளுக்கும் இந்தக் கோட்பாடு நீண்டது. எல்லோருக்கும் கடமைப்பட்டவர் எவருக்கும் கடமைப்படாதவர் ஆகிவிடும் விந்தை இது. போதாததற்கு, மாநகரத்தின் மீது இழப்பீடு கோருபவர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். துக்கத்தில் இருக்கும் குடும்பம் ஆறு மாதக் கெடு ஒன்று இருப்பதையே அறியாமல் போகலாம்.

பிறகு நடந்தவை

2015 செப்டம்பரில் தேசிய வாரியம், மெட்ரோவின் மேற்பார்வையை நாடு முழுக்க ஓடும் ரயில்களைக் கண்காணிக்கும் மத்திய ரயில்பாதை நிர்வாகத்திடம் மாற்ற வேண்டும் என்று அவசரப் பரிந்துரை செய்தது. போக்குவரத்துச் செயலர் ஆந்தனி ஃபாக்ஸ் அதை ஏற்கவில்லை. பதிலாக அக்டோபரில் பொதுப் போக்குவரத்து நிர்வாகமே மேற்பார்வையை நேரடியாகக் கையில் எடுத்தது. நகர ரயில் ஒன்றில் மத்திய அரசு இப்படி இறங்கியது அதுவே முதல்முறை.

மத்திய ஆய்வாளர்கள் இறங்கியும் 2016 மார்ச் 14 அன்று மக்ஃபர்சன் சதுக்கம் அருகே சுரங்கத்தில் இன்னொரு மின்வடம் எரிந்தது. அதே வகைக் கோளாறு, பதினான்கு மாதம் கழித்து. அப்போது புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பொது மேலாளர் பால் வீடஃபெல்ட் எடுத்த முடிவு ஊரையே அதிர வைத்தது. மார்ச் 16 அன்று மொத்த மெட்ரோவும் 29 மணி நேரம் மூடப்பட்டது. ஏறக்குறைய 600 இணைப்பு மின்வடங்களைப் பார்த்தார்கள். 26 இடங்களில் சேதம் இருந்தது. வேலைநாளில் தலைநகரத்தின் ரயிலை நிறுத்துவதா என்று கோபப்பட்டவர்கள் பலர். ஆனால் 26 என்ற எண் வந்த பிறகு அந்தக் கோபத்தைத் தொடர்வது கடினமாக இருந்தது.

நிரந்தர மேற்பார்வைக்கு மூன்று அரசுகளும் ஒரே வாசகத்தில் சட்டம் இயற்ற வேண்டும். 2017 பிப்ரவரிக் கெடுவைத் தவறவிட்டார்கள். மத்திய நிர்வாகம் மூன்று அரசுகளுக்குமான பொதுப் போக்குவரத்து நிதியில் 5 சதவீதத்தைப் பிடித்து வைத்தது. அறிக்கைகளும் அறிவுரைகளும் நகர்த்தாததைப் பணம் நகர்த்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்ற ஒப்புதலும் கிடைத்து, வாஷிங்டன் மெட்ரோரயில் பாதுகாப்பு ஆணையம் உருவானது. 2019 மார்ச்சில் அது பொறுப்பை ஏற்றது. ஆவணங்களைக் கட்டாயமாகக் கேட்டுப் பெறலாம், அபராதம் விதிக்கலாம், வண்டியையோ தடத்தையோ சேவையிலிருந்து எடுக்க உத்தரவிடலாம். பழைய குழுவுக்கு இல்லாத மூன்றும் இதற்கு உண்டு.

பல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை 2021 காட்டியது. அக்டோபர் 12 அன்று நீலத் தட ரயில் ஒன்று தடம் புரண்டது. யாரும் இறக்கவில்லை. அச்சில் சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகியிருந்தன. சில நாட்களில் ஆணையம் அதே வகையான 7000 வரிசைப் பெட்டிகள் 748ஐயும் சேவையிலிருந்து எடுக்க உத்தரவிட்டது. மொத்தப் பெட்டிகளில் ஏறக்குறைய 60 சதவீதம்! பயணிகள் பல மாதம் அவதிப்பட்டார்கள். பழைய முத்தரப்புக் குழு இதே இடத்தில் கடிதம் எழுதியிருக்கும்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020 செப்டம்பரில், ஆணையம் மெட்ரோவின் கட்டுப்பாட்டு அறையைத் தணிக்கை செய்து கடுமையான அறிக்கை தந்தது. அவசர நேரத்தில் சரிபார்ப்புப் பட்டியலைப் பின்பற்றாதது, அறையின் கூச்சல் குழப்பம் எல்லாம் அதில் இருந்தன. லான்ஃபான்ட் பிளாசாவுக்கு ஐந்தரை ஆண்டு கழித்தும் அந்த அறை முழுதாக மாறியிருக்கவில்லை. ஆனால் வித்தியாசம், அடுத்த சாவு வரும்வரை காத்திராமல் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்தார் என்பது.

மறுபாதி மாறியதா

ரயில் பக்கம் இவ்வளவு நடந்தது. அவசர அழைப்புப் பக்கம்? அங்கே இப்படி ஓர் ஆணையம் வரவில்லை. மாநகர மன்றம் கேள்வி கேட்டது. மாவட்டத் தணிக்கையாளர் 2021ல் வெளியிட்ட தணிக்கை, அழைப்பை எடுத்துக் குழுவை அனுப்பும் நேரம் தேசியத் தரத்தை எட்டவில்லை என்றது. 2015ல் வெளிப்பட்ட அதே குறை.

2023 ஆகஸ்ட் 14 அன்று கனமழையில் நகரின் வடகிழக்கில் நாய்களைப் பராமரிக்கும் நிலையம் ஒன்றில் வெள்ளம் உடைத்துக்கொண்டு புகுந்தது. உள்ளே ஊழியர்களும் நாய்களும். அவசர அழைப்பு எண்ணான 911க்கு வந்த அழைப்பு நீர்க்கசிவு என்று வகைப்படுத்தப்பட்டது. நீர்க்கசிவுக்கு அனுப்பும் உதவி வேறு, ஆள் மூழ்கும் இடத்துக்கு அனுப்பும் உதவி வேறு. 10 நாய்கள் இறந்தன. நிலையத்தில் புகை என்று பதிவாகி ரயிலுக்குள் ஆட்கள் என்பது பின்னால் தங்கிப்போன 2015ஐ நினைத்துக்கொண்டேன். அழைத்தவர் சொன்னது ஒன்று, திரையில் ஏறிய சொல் இன்னொன்று.

நான் மாற்றச் சொல்பவை

எல்லாத் தரப்பின் பதிவையும் ஒரே கடிகாரத்தில் வைக்க வேண்டும். 2015ல் மெட்ரோ ஒரு காலவரிசை சொன்னது, மாநகரம் ஒன்று சொன்னது. முதல் வாரங்கள் யார் சொல்லும் நிமிடம் சரி என்ற தகராறிலேயே போயின. ரயில் கட்டுப்பாட்டு அறை, 911, தீயணைப்பு வானொலி ஆகிய மூன்றின் பதிவுகளையும் ஒன்றாக அடுக்கி, பெரிய நிகழ்வு எதுவாயினும் சில நாட்களுக்குள் வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வெளியிட விருப்பம்தான் தேவை.

ஒரு துறை இன்னொரு துறைக்குப் பாதுகாப்புக் குறையைத் தெரிவித்தால், நகல் மூன்றாம் தரப்புக்கும் போக வேண்டும். நான்கு நாள் முன்பு போன வானொலித் தகவல் கண்காணிப்பாளர் மேசைக்கும் போயிருந்தால், சரிசெய்யும்வரை அந்த நிலையத்தில் ஓர் ஆளையாவது நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார்களா என்பது வேறு கேள்வி. குறைந்தபட்சம் கேட்கப்படாமல் போயிருக்காது.

அழைப்பு மையத்தைக் கண்காணிக்கும் அமைப்புக்கும் ரயில் ஆணையத்துக்கு உள்ள அதே அதிகாரம் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். பழுதான ரயிலை நிறுத்தலாம், 911ஐ நிறுத்த முடியாது. அதனால் அதிகாரம் வேறு வடிவில் வர வேண்டும்: தவறான வகைப்பாட்டை விசாரித்துப் பெயர் இல்லாமல் வெளியிடுதல், பயிற்சி முடிக்காதவரை மேசையில் அமர்த்தக் கூடாது என்று கட்டளையிடுதல், ஆள் பற்றாக்குறை இருந்தால் மறைக்காமல் அன்றன்றைக்கே அறிவிக்க வைத்தல்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான வேலை இன்னும் சிறியது, இன்னும் அவசரமானது. விபத்துக்கு மறுநாளே, எந்தத் துறை மீது எத்தனை நாளுக்குள் அறிவிப்புத் தர வேண்டும், அழைப்புப் பதிவின் நகலை எங்கே கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைக் கொடுக்கும் பொறுப்பு வழக்கில் எதிர்த்தரப்பாக வரக்கூடிய எந்தத் துறையிடமும் இருக்கக் கூடாது.